தைமசுச் சுரப்பியில் காணப்படும் ஹசல் துணிக்கைகள் வெறும் கழிவா?

உவர்மலை ரீச்சர்:
திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கிறேன். மனிதத் தைமசின் (நெஞ்செலும்பின் பின்னாலுள்ள நோயெதிர்ப்புச் சுரப்பி) வழுக்கியொன்றை நுணுக்குக்காட்டியில் காட்டியபோது, ஊதாநிறக் கலங்களின் நடுவே இளஞ்சிவப்பாகச் சுருண்டு கிடந்த வட்டங்களைக் கண்ட மாணவி ஒருத்தி, "இவை செத்த கலங்களின் குப்பையா, ரீச்சர்?" எனக் கேட்டாள். ஹசல் துணிக்கைகள் என்ற பெயருக்கு மேல் என் கைந்நூல் எதுவும் சொல்லவில்லை. உடல்நலத்தில் அவற்றுக்குப் பங்குண்டா?

உப்புவெளி ஆய்வுகூடம்:
வணக்கம் ரீச்சர். ஆங்கிலேய மருத்துவர் ஆதர் ஹில் ஹசல் 1840களில் விவரித்த அமைப்பு இது. சுரப்பியின் மையவிழையத்தில் மட்டுமே இருக்கும். மேலணிக் கலங்கள் வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, உள்ளே போகப்போகக் கருவை இழந்து கெரற்றின் (தோலிலும் நகத்திலும் உள்ள புரதம்) நிறைந்தவையாக மாறுவதால், இயோசின் என்னும் இளஞ்சிவப்புச் சாயத்தை நன்றாகப் பிடிக்கின்றன. நடுவில் சிலவேளை கல்சியம் படிந்திருக்கும். மாணவியின் ஐயம் நியாயமானதே. நெடுங்காலம் பலரும் அப்படித்தான் எண்ணினர்.

கோணேசபுரி மாணவன்:
நடுப்பகுதி இறந்ததுதான், ஆனால் முழு அமைப்பும் இறந்ததன்று. ரீ-கலங்கள் என்னும் நோயெதிர்ப்பு வெண்கலங்களுள், சொந்த உடலையே தாக்கக்கூடியவற்றை வடிகட்டுவது மையவிழையத்தின் வேலை. அவற்றில் ஒரு பகுதி அழிக்கப்படும். இன்னொரு பகுதி, மற்றக் கலங்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் ரீ-கலங்களாக மாறும். மனிதத் தைமசில் ஹசல் துணிக்கைகள் ரீஎஸ்எல்பி என்னும் சைற்றோகைனை (கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதம்) சுரந்து, கிளைக்கலங்கள் எனப்படும் வேறுவகை நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்ட, அக்கலங்கள் இந்த மாற்றத்தை ஏற்படுத்துவதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. தன்னுடல் தாக்கு நோய்களைத் தடுக்கும் ஏற்பாட்டில் அவற்றுக்குப் பங்கிருக்கலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. எனினும் ஆய்வுகூட எலிகளில் இவை மிகச் சிறியனவாகவும் அரிதாகவும் இருப்பதால், எலியை வைத்து இதைச் சோதிப்பது எளிதன்று. வகுப்பில் "நிரூபிக்கப்பட்ட உண்மை" என எழுதிப்போட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

உவர்மலை ரீச்சர்:
மிக்க நன்றி தம்பி. பருவமடைந்தபின் சுரப்பி சுருங்கும் என்று படிப்பிக்கிறோமே, அப்போது இவற்றின் நிலை என்ன?

உப்புவெளி ஆய்வுகூடம்:
சுரப்பியின் பெரும்பகுதியைக் கொழுப்பிழையம் பிடித்துவிடும். ஆனால் முதியவரின் தைமசிலும், எஞ்சிய இழையத் தீவுகளில் இத்துணிக்கைகளைக் காணலாம். சிறுவயதில் உருவாகி உடலெங்கும் பரவிய ரீ-கலங்கள் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்வதால், சுரப்பி சுருங்கியதும் நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு ஆற்றல்) அற்றுப்போவதில்லை. "தைமசை உயிர்ப்பிக்கும்" என்று விற்கும் மாத்திரை விளம்பரங்களை மாணவர் கேட்டால், இதை மட்டும் விளக்கிவிடுங்கள்.