பேக்-மேன் எந்திரம் பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகிறது: பழுது வயரிங்கிலா, போர்டிலா?

மரப்பெட்டி80 (கேள்வி)

வணக்கம். நான் சிகாகோவின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஃபிராங்க்ளின் பார்க்கில் 1980-களின் தொடக்கத்தில் மிட்வே நிறுவனம் தயாரித்த, காசு போட்டு விளையாடும் பேக்-மேன் வீடியோ கேம் எந்திரம் ஒன்றைச் சென்ற கோடையில் வாங்கினேன். மரப்பெட்டியைச் செப்பனிட்டு முடித்துவிட்டேன்; வயரிங்கில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

இயக்கிய பின் பத்து நிமிடம் வரை ஆட்டம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு திரையில் எழுத்துகள் சிதறத் தொடங்கி, சற்று நேரத்தில் எந்திரம் தானாகவே முதலிலிருந்து தொடங்குகிறது. அணைத்து ஆறவிட்டால் மறுபடியும் பத்து நிமிடம் கிடைக்கிறது. போர்டை (ஆட்டத்தை இயக்கும் மின்சுற்றுப் பலகையை) கழற்றி வைத்துவிட்டு மின்மாற்றியிலிருந்து வரும் கம்பிகளை அளந்தபோது 7 வோல்ட்டுக்குச் சற்று மேல் மாற்றுமின்னழுத்தம் இருந்தது. ஆனால் ஆட்டம் சிதறும் நேரத்தில் போர்டிலுள்ள சிப்புகளின் கால்களில் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 4.6 மட்டுமே வருகிறது. போர்டைச் செருகும் 44 முனைக் கனெக்டரின் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது. எல்லாவற்றையும் அகற்றிவிட்டுப் நேரடியாக 5 வோல்ட் தரும் புதிய ஸ்விட்சிங் பவர் சப்ளை பொருத்துவதே நல்லதா? பழைய அமைப்பைக் காப்பாற்ற முடியுமானால் அதையே விரும்புகிறேன்.

ஈயமுனை

போர்டைக் கழற்றி வைத்து எடுத்த அளவை நம்பாதீர்கள். மின்னோட்டம் பாயாத கம்பியில், இணைப்பு எவ்வளவு கெட்டிருந்தாலும், மீட்டர் முழு அழுத்தத்தையே காட்டும். போர்டைச் செருகி, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைக் கனெக்டரின் பின்புறம் கம்பி நுழையும் இடத்திலும், மற்றொன்றைப் போர்டில் அந்தத் தொடுமுனையைத் தாண்டியவுடன் வரும் செம்புத்தடத்திலும் வைத்து, மாற்றுமின்னழுத்த அளவில் பாருங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் ஏறக்குறைய சுழியம்தான் வர வேண்டும். அங்கே அரை வோல்ட் நின்றால் உங்கள் பழுது அந்த இடத்தில்தான் இருக்கிறது.

காரணமும் எளிதானதே. இந்தப் போர்டு 5 வோல்ட்டை வெளியிலிருந்து பெறுவதில்லை. மின்மாற்றியின் 7 வோல்ட்டை வாங்கித் தன் மேலேயே நேர்மின்னாக்கி, 5 வோல்ட்டில் நிலையாக நிற்கும்படி ரெகுலேட் செய்துகொள்கிறது. போர்டுக்குத் தேவையான மின்னோட்டம் முழுவதும் கனெக்டரின் சில முனைகள் வழியாகவே போகிறது. ஒரு முனையில் 3 ஆம்பியர் பாய்வதாகவும், நாற்பது ஆண்டு அழுக்கால் 0.2 ஓம் தடை சேர்ந்திருப்பதாகவும் வைத்துக்கொண்டால், அங்கே 0.6 வோல்ட் குறைவதோடு 1.8 வாட் வெப்பமும் அந்தச் சிறு தகட்டில் தேங்கும். வெப்பத்தில் தகட்டின் விறைப்பு தளர, பிடிப்பு குறைந்து தடை மேலும் கூடும். பத்து நிமிடம் கழித்துப் பழுது தோன்றுவதும், பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பதும் இதற்குப் பொருந்துகின்றன. அங்குள்ள தர்க்கச் சிப்புகளுக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே உத்தரவாதம் கிடையாது. இசட்-80 செயலி தடுமாறி, காவல் கவுண்டரை (செயலி ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிக்கும் எண்ணியை) உரிய நேரத்தில் தொடாமல் விட்டால், அந்தக் கவுண்டரே எந்திரத்தை மறுதொடக்கம் செய்துவிடும்.

கனெக்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் சில வாரங்கள்தான் தாங்கும். 3.96 மி.மீ. இடைவெளியுள்ள புதிய 44 முனைக் கனெக்டரை வாங்கி, கம்பிகளின் கருகிய நுனிகளை வெட்டிவிட்டு, புதிய முனைகளை உரிய கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். போர்டின் தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். எஞ்சியிருக்கும் பூச்சும் போய்விடும். ஈயத்தை மெல்லியதாகப் பூசி, மிகுதியை ஈயமுறிஞ்சும் செம்புப் பின்னலால் எடுத்துவிடுங்கள்.

நீலக்கெப்பாசிட்டர்

கனெக்டரை மாற்றிய பிறகும் அழுத்தம் குறைவாக இருந்தால், போர்டிலுள்ள பெரிய வடிகட்டிக் கெப்பாசிட்டரை (மின்னூட்டத்தைத் தேக்கி அழுத்தத்தைச் சமன்செய்யும் மின்தேக்கியை) பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாக நேராக்கும்போது நொடிக்கு 120 பள்ளங்கள் வரும். உலர்ந்துபோன கெப்பாசிட்டரால் அவற்றை நிரப்ப இயலாது. மீட்டர் சராசரியை மட்டும் காட்டுவதால் 4.8 என்று தெரியும்போதே பள்ளத்தின் அடி அதைவிடக் கீழே போயிருக்கலாம். 5 வோல்ட் தடத்தில் மீட்டரை மாற்றுமின்னழுத்தத்துக்கு மாற்றி அளந்துபாருங்கள். நூறு மில்லிவோல்ட்டை எட்டினால் கெப்பாசிட்டரை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்விட்சிங் சப்ளையைப் பொருத்துவது தவறில்லை. ஆனால் அதை இப்போதுள்ள முனைகளில் அப்படியே இணைக்க முடியாது. டையோடுகளையும் ரெகுலேட்டரையும் கடந்தபின் 5 வோல்ட் அதே அளவில் மிஞ்சாது என்பதால் போர்டில் மாற்றம் செய்ய வேண்டிவரும். உங்கள் நிலையில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

தரைக்கம்பி

அளப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். மானிட்டரின் பின்பக்கத்துக்கும் உங்கள் கைக்கும் இடையே எப்போதும் இடைவெளி இருக்கட்டும். 19 அங்குல வண்ணப் படக்குழாயின் ஆனோடில் ஏறக்குறைய இருபதாயிரம் வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். சுவர்ப்பிளக்கில் எர்த் முனை முழுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எந்திரங்களில் இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகுவதற்காக அதை வெட்டிவிட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால், கசிவு ஏற்படும்போது காசுக்கதவின் இரும்பில் கைவைப்பவருக்கு உயிராபத்து. ஃபியூஸ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, லேபிளில் அச்சிட்ட ஆம்பியரோடு ஒப்பிடுங்கள்.

மரப்பெட்டி80

மூவருக்கும் என் நன்றி. ஈயமுனை அவர்கள் சொன்னபடி அளந்ததில், பழுப்பேறிய முனையொன்றில் மட்டும் 0.8 வோல்ட் நின்றது. கனெக்டரையும் கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டேன். இப்போது சிப்புகளில் 4.98 வோல்ட் வருகிறது, நேற்று மாலை நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடியும் ஆட்டம் சிதறவில்லை. பிளக்கில் எர்த் முனை உண்மையிலேயே வெட்டப்பட்டிருந்தது; மூன்று முனைக் கம்பி போட்டு, காசுக்கதவு வரை தொடர்ச்சி இருப்பதைச் சரிபார்த்தேன். லேபிளில் உள்ளதைவிடப் பெரிய ஃபியூஸ் ஒன்றும் கிடைத்தது. அதன் தாங்கியிலுள்ள கவ்வி தளர்ந்து இன்னும் லேசாகச் சூடேறுகிறது. புதிய தாங்கிக்குச் சொல்லியிருக்கிறேன், அது வரும்வரை எந்திரத்தை இயக்கப்போவதில்லை.