நிஃப்டியில் 10 மாத சராசரி விதி தனியாள் முதலீட்டாளருக்கு உதவுமா?

கேள்வி (தேவகோட்டை):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி பணி ஓய்வில் பெற்ற தொகையில் பெரும்பகுதியை வங்கியிலும் அஞ்சலகத்திலும் போட்டுவிட்டார். மீதியை நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில் (50 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) போட எண்ணியிருக்கிறோம். 2008-ஆம் ஆண்டைப் போலச் சந்தை பாதிக்கு மேல் சரிந்தால் அவர் மனம் தாங்காது. ஆகவே மாதக் கடைசி வர்த்தக நாளில் நிஃப்டி தன் 10 மாத சராசரிக்கு (கடைசி 10 மாதங்களின் மாத இறுதி விலைகளின் சராசரி) மேல் இருந்தால் முதலீட்டில் தொடர்வது, கீழே இருந்தால் விற்று லிக்விட் ஃபண்டுக்கு (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலிடும், ஏற்ற இறக்கம் குறைந்த ஃபண்ட்) மாற்றுவது என்ற விதியைப் பின்பற்றலாமா?

பதில் 1 (காரைக்குடி):
தம்பி, பின்பற்றலாம், ஆனால் அது எதைத் தரும், எதைத் தராது என்பதை அப்பச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத இறுதி விலைகளை வைத்து நான் கணக்கிட்டுப் பார்த்ததில், 2020 பிப்ரவரி இறுதியில் நிஃப்டி 11,201-இல் முடிந்தபோது 10 மாத சராசரி ஏறத்தாழ 11,660 ஆக இருந்தது. விதிப்படி அன்றே விற்றிருக்க வேண்டும். மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-க்கு இறங்கியது. மீண்டும் சராசரியைத் தாண்டியது ஜூலை இறுதியில், 11,073-இல். அதாவது விற்ற விலைக்கும் திரும்ப வாங்கிய விலைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கூடுதல் லாபம் கிடைக்கவில்லை என்றாலும், அந்த மார்ச் மாதத்தைப் பதற்றமின்றிக் கடக்க முடிந்திருக்கும், உங்கள் அப்பச்சிக்கு வேண்டியதும் அதுதானே.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. 2019 ஜூலை இறுதியில் 11,118-இல் விற்கச் சொன்ன இதே விதி, செப்டம்பர் இறுதியில் 11,474-இல் திரும்ப வாங்கச் சொன்னது. இரண்டே மாதத்தில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் கைவிட்டுப் போயிருக்கும். போக்கு தெளிவில்லாமல் சந்தை மேலும் கீழுமாக அலையும் காலத்தில் இப்படிப்பட்ட சிறு நட்டங்கள் அடுத்தடுத்து வரும். அந்தச் சமயத்தில் விதியைக் கைவிடுபவர்களுக்குத்தான் அடுத்த பெரும் சரிவில் பாதுகாப்பு இல்லாமல் போகிறது.

பதில் 2 (பள்ளத்தூர்):
அண்ணன் சொன்னதோடு வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2024 ஜூலை 23 முதல், 12 மாதத்துக்குள் விற்ற பங்குசார் ஃபண்டின் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் போக மீதிக்கு 12.5 சதவீதம். நட்டம் வந்த ஆண்டில் வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த நட்டத்தை அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று கழிக்க முடியும். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். இன்னொன்று, போக்கைப் பின்பற்றுவதாகச் சொல்லி ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பங்கு, குறியீடுகளின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வர்த்தகம்) பக்கம் இழுப்பவர்களை அண்ட விடாதீர்கள்: அங்கே 2021-22 முதல் 2023-24 வரை தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாக பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியே தன் ஆய்வில் கூறியிருக்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் பாதித் தொகையை விதியின்றி அப்படியே வைத்து, மறுபாதிக்கு மட்டும் விதியைப் பயன்படுத்தினால் வரிச்சுமை குறையுமா?

பதில் 1 (காரைக்குடி):
குறையும், சரிவில் கிடைக்கும் பாதுகாப்பும் பாதியாகும். முதல்முறையாகச் செய்பவர்களுக்கு அதையே நான் விரும்பிச் சொல்வேன். இரண்டு பாதிகளையும் தனித்தனி ஃபோலியோவில் (ஃபண்ட் நிறுவனம் தரும் கணக்கு எண்) வைத்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பது போல வரி, கட்டணம் எல்லாம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.