மேல்முறையீட்டில் நகையும் மகஜரும்: உங்கள் அனுபவங்கள்

வழக்கறிஞர், மதுரை

விளக்கில்லாத சாலையில் இரவில் நடந்த சங்கிலிப் பறிப்பு. பறித்தவரைப் பலரிடையே சாட்சி இனங்காட்டும் அடையாள அணிவகுப்பு இல்லை. என் கட்சிக்காரரின் வாக்குமூலத்தின்பேரில் அவர் வீட்டிலிருந்து சங்கிலியைக் கைப்பற்றியதாகச் சொல்லும் மகஜர் (கைப்பற்றும் இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) ஒன்றை நம்பியே நடுவர் நீதிமன்றம் வழிப்பறிக்கான இந்திய தண்டனைச் சட்டம் 392இன் கீழ் தண்டித்திருந்தது. சம்பவத்துக்கும் கைப்பற்றுதலுக்கும் எட்டு மாத இடைவெளி. அப்போதிருந்த சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு, திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் அப்பொருளை வைத்திருந்து அதற்கு விளக்கம் தர முடியாதவரைத் திருடியவர் என்றோ, திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்கியவர் என்றோ அனுமானிக்க இடம் தந்தது. எட்டு மாதத்தில் நகை பல கை மாறியிருக்கலாம் என்ற என் வாதத்தை ஏற்ற அமர்வு நீதிமன்றம், குற்றத்தைத் திருட்டுப் பொருள் என்று அறிந்தே வாங்கியதற்கான 411ஆக மாற்றிச் சிறையில் கழித்த காலமே போதும் என்றது. தாழ்வாரத்தில் நகைக்குரிய அம்மா என்னை நிறுத்தி, "அப்போ என் கழுத்துல கை வச்சது யாரு, வக்கீல் தம்பி?" என்று கேட்டார். உள்ளே அரை மணி நேரம் பேசிய எனக்கு அங்கே ஒரு வாக்கியமும் வரவில்லை.

அடகுக் கடைக்காரர், திருச்சி

எங்கள் கடைக்கு ஓர் இளைஞனை அழைத்து வந்த காவலர்கள், அவன் அடகு வைத்த வளையல்களை எடுத்துக்கொண்டு, மகஜரை மறுநாள் காவல் நிலையத்தில் வைத்தே எழுதி என் கையெழுத்தை வாங்கினார்கள். மறுத்தால் நானும் 411இல் சேர்க்கப்படுவேன் என்பது சொல்லாமலே புரிந்தது. குறுக்கு விசாரணையில், எழுதிய இடத்தை நான் சொல்லிவிட்டேன். மேல்முறையீட்டில் அவன் விடுதலையானதற்கு அந்த ஒரு பதில் போதுமாயிருந்தது. அவன் கையெழுத்திட்ட எங்கள் அடகுப் பேரேட்டை வழக்கில் யாரும் ஆவணமாகக் குறியீடு செய்யவே இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர், சேலம்

மதுரை நண்பர் எட்டு மாதத்தை ஒரு விதி போலச் சொல்வதை நான் ஏற்கவில்லை. எராபத்ரப்பா வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம், குற்றவாளி தலைமறைவாக இருந்ததால் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியைக்கூட நீண்டதாகக் கருதவில்லை. எளிதில் கைமாறும் பொருளா, அதை வைத்திருந்தவர் என்ன விளக்கம் தந்தார் என்பனவே முக்கியம். நான் தோற்ற ஒரு மேல்முறையீட்டில், நகை எப்படி வந்தது என்ற கேள்வியை, குற்றம் சாட்டப்பட்டவரிடம் சாட்சியங்கள் பற்றி விளக்கம் கேட்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313இன் கீழ் விசாரணை நீதிமன்றம் கேட்கவே இல்லை. நீதிபதி அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார், அத்துடன் முடிந்தது.

மேல்முறையீடு செய்வோர் கவனிக்கவும்: அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் அவகாசம். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் உடன் தாக்கல் செய்யுங்கள். காவலர்களிடம் தந்த வாக்குமூலத்தில் பொருளைக் கண்டுபிடிக்க வழிவகுத்த பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது (பழைய சாட்சியச் சட்டம் 27ஆம் பிரிவு). "நான்தான் பறித்தேன்" என்ற வரியை விசாரணை நீதிமன்றம் நம்பியிருந்தால் அதையே முதல் காரணமாக எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் பழைய 114ஆம் பிரிவு 119ஆகவும், 27ஆம் பிரிவு 23ஆகவும் மாறியிருப்பதால், சம்பவ நாளையும் விசாரணை நாளையும் பார்த்தே பிரிவு எண்களைக் குறிப்பிடுங்கள்.