ஹபரணையா, அனுராதபுரமா? யாழ்ப்பாணத்திலிருந்து வானில் செல்லும் குடும்பத்துக்குத் தங்குமிடம் எங்கே நல்லது?

கோண்டாவில் வாசி:

அனைவருக்கும் வணக்கம். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த பின் வரும் வார இறுதியில், கனடாவிலிருந்து வந்திருக்கும் அக்காவின் குடும்பத்தையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அனுராதபுரம், தம்புள்ளை, சீகிரியா, பொலன்னறுவை ஆகிய நான்கு இடங்களையும் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டு, திங்கட்கிழமை இரவுக்குள் வீடு வந்து சேர வேண்டும். வான் எங்களுடையது. ஓட்டுவது நானும் அத்தானும்.

வழி எனக்கு ஓரளவு தெரியும். இரவில் எங்கே தங்குவது என்பதுதான் சிக்கல். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதாலும், ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி அவிழ்க்க அக்கா விரும்பாததாலும் ஒரே இடத்தில் தங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்று யோசிக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட என்பதால் அனுராதபுரமே போதும் என்கிறார் மைத்துனர். அலுவலக நண்பர் ஒருவர் ஹபரணையைச் சொல்கிறார். வவுனியாவில் இருக்கும் சித்தப்பாவோ, வீடு இருக்கும்போது விடுதிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கோபித்துக்கொள்கிறார். அம்மா சுத்த சைவம். போய்வந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வவுனியாக்காரன்:

சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வவுனியாவிலிருந்து அனுராதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீற்றர்தான்; சைவச் சாப்பாட்டுக்கும் மொழிக்கும் கவலை இல்லை. அனுராதபுரமும் பக்கத்திலுள்ள மிகிந்தலையும் மட்டும் பார்ப்பதாக இருந்தால் நான் வவுனியாவையே சொல்வேன்.

ஏ9 ஓட்டுநர்:

மேலே சொன்னது அனுராதபுரத்துக்குப் பொருந்தும். மற்ற மூன்று இடங்களுக்கும் பொருந்தாது. வவுனியாவிலிருந்து பொலன்னறுவைக்குப் போகவே 130 கிலோமீற்றருக்கு மேல் வரும், அதே தூரம் திரும்பியும் வரவேண்டும். சித்தப்பாவின் மனம் நோகாதிருக்க, போகும்போது காலைச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் இறங்குங்கள்.

அனுராதபுரத்தை மட்டும் தளமாக வைத்துக்கொண்டாலும் இதே பிரச்சினை சற்றுக் குறைந்த அளவில் இருக்கும். அங்கிருந்து சீகிரியா ஏறத்தாழ 75 கிலோமீற்றர், பொலன்னறுவை ஏறத்தாழ 105. ஹபரணையில் தங்கினால் சீகிரியாவும் தம்புள்ளையும் அரை மணித்தியாலம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். பொலன்னறுவை 45 கிலோமீற்றர்தான். திருகோணமலை வீதியும் மரதன்கடவலயிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் வீதியும் ஹபரணைச் சந்தியில்தான் குறுக்கிடுகின்றன என்பதால், எந்தத் திசைக்குப் புறப்பட்டாலும் ஊரைச் சுற்றிப்போக வேண்டிய தேவை வராது. ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை: ஒரு சந்தி, ஒரு குளம், விடுதிகள், சில கடைகள். பார்க்க வேண்டிய இடமாக அதை நினைக்காமல், படுத்து எழும்பும் இடமாக மட்டும் நினைத்தால் ஏமாற்றம் இராது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஹபரணை ஏறத்தாழ 240 கிலோமீற்றர். ஐந்து மணிக்குப் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, வவுனியாவில் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் மதியத்துக்குள் அறையில் இருப்பீர்கள். ஏ9 வீதியில் ஊர்மனைகள் வரும் இடங்களில் 50க்கு மேல் ஓட்டாதீர்கள். வேகமானிக் கருவியோடு பொலிசார் நிற்பது அந்த இடங்களில்தான்.

இன்னொன்று: அத்தானிடம் இருப்பது கனடா அனுமதிப்பத்திரம் மட்டும் என்றால் அதை வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. இங்கே செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியைப் புறப்படுமுன் எடுத்துவிடுங்கள், இல்லையேல் முழுத் தூரமும் உங்கள் தலையில்தான்.

வரலாற்று ஆசிரியர்:

தூரக் கணக்கை மட்டும் வைத்துத் தங்குமிடத்தை முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, தம்பி. எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. அனுராதபுரத்தை நண்பகல் வெயிலில், வீடு திரும்பும் அவசரத்தில் பார்ப்பது, பார்க்காமல் விடுவதற்குச் சமம். ருவன்வெலிசாயவின் வெள்ளைத் தூபியைச் சுற்றி வருவதற்கும் ஸ்ரீ மகாபோதி என்னும் வெள்ளரசின் மதிலோரம் நிற்பதற்கும் ஏற்ற நேரம் மாலை ஐந்து மணிக்குப் பின்னர்தான். அப்போது கல் சூடு ஆறியிருக்கும், சனங்கள் வெள்ளை உடுத்துப் பூத்தட்டுகளோடு வருவார்கள். மகாசேன மன்னன் தொடங்கிய ஜேதவனராமத் தூபி முதலில் ஏறத்தாழ 122 மீற்றர் உயரம் இருந்தது. இப்போது 70 மீற்றரளவில் நிற்கும் அந்தச் செங்கல் மலையையும் சரிந்த வெயிலில்தான் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்றும் அங்கே உண்டு. நகரின் தெற்கிலுள்ள தக்கிணத் தூபியை நெடுங்காலமாகத் தமிழ் மன்னன் எல்லாளனின் சமாதி என்றே மக்கள் கருதி வந்தார்கள். தன்னோடு போரிட்டு மாண்ட எல்லாளனின் சமாதியைக் கடக்கும் எவரும் வாத்தியங்களை நிறுத்தி மரியாதை செய்ய வேண்டும் என்று சிங்கள மன்னன் துட்டகைமுனு ஆணையிட்டதாக மகாவம்சம் சொல்கிறது. கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாது.

பொலன்னறுவைக்கு ஒரு முழு முற்பகலாவது ஒதுக்குங்கள். சோழர் 993ஆம் ஆண்டளவில் அனுராதபுரத்தைக் கைப்பற்றிய பின் அவர்களுடைய ஆட்சிக்குத் தலைநகரானது இதுவே. 1070இல் முதலாம் விஜயபாகு மீட்கும்வரை ஜனநாதமங்கலம் என்ற பெயரும் இதற்கு இருந்தது. இரண்டாம் இலக்கச் சிவாலயம், இன்று அங்கே நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் பெயரைத் தரும் தமிழ்க் கல்வெட்டு அதன் சுவரிலேயே இருக்கிறது. முழுவதும் கல்லால் ஆன சிறிய கோயில்; உள்ளே இலிங்கம் இருக்கிறது, பலர் பூ வைத்துக் கும்பிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்குப் படியேறும் சிரமம் அங்கே இல்லை. தந்ததாதுக் கோயில் வளவான தலதா மளுவவில் வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. புத்தரின் தந்ததாதுவை (புனிதப் பல்லை) காப்பதாகத் தமிழ்ப் படைவீரர் உறுதி கூறும் சாசனம் அது. எழுத்து சோழர்காலத்துத் தமிழ் என்பதால் உடனே வாசிக்க வராது. ஆனாலும் ஒன்றிரண்டு எழுத்துகளைப் பிடித்துவிட்டால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு வரமாட்டார்கள்.

ஆகவே என் யோசனை, ஹபரணையோடு கடைசி ஓர் இரவை மட்டும் அனுராதபுரத்துக்குக் கொடுப்பது.

கோண்டாவில் வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா சொல்வது மனதுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. பொலன்னறுவையிலிருந்து மாலையில் புறப்பட்டால் யானை குறுக்கே வரும் என்கிறார்களே, அந்த வீதியில் இருட்டில் ஓடலாமா? அம்மா சீகிரியாவில் என்ன செய்வார்? போயா (பௌர்ணமி) நாளில் மாட்டிக்கொள்வோமா?

ஏ9 ஓட்டுநர்:

கடைசியிலிருந்து வருகிறேன். நல்லூர்த் தீர்த்தம் அமாவாசையில் வருவது. அடுத்த வார இறுதியில் போயா வர வாய்ப்பில்லை. யூனில் வரும் பொசொன் போயா மாதம் என்றால் அனுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் அறையும் கிடையாது, வான் நிறுத்த இடமும் கிடையாது.

யானை விடயத்தில் விளையாட வேண்டாம். மழை குறைந்து குளங்கள் வற்றும் யூலை முதல் செப்ரெம்பர் வரை மின்னேரியாக் குளக்கரைப் புல்லுக்கு யானைகள் கூட்டமாக வரும். நீங்கள் போவதும் அந்தக் காலத்தில்தான். ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையிலும், ஹபரணை–திருகோணமலை வீதியிலும் பொழுதுபட்டால் அவை வீதிக்கு ஏறும். கரிய உடல் கரிய தாரில் நிற்கும்போது முன்விளக்கு வெளிச்சத்தில் கால்கள் தெரியும் நேரத்துக்கு நீங்கள் மிகக் கிட்ட வந்திருப்பீர்கள். ஐந்தரைக்குப் பின் அந்தப் பகுதியில் ஓடாதபடி திட்டமிடுங்கள். வீதியோரம் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் கொடுக்க வானை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து நீங்கள் நிறுத்தாதீர்கள். ஆசிரியர் சொன்னபடி செய்வதானால் பொலன்னறுவையை விட்டு இரண்டு மணிக்குள் வெளிக்கிட்டு விடுங்கள். ஐந்து மணியளவில் அனுராதபுரம்.

சீகிரியாவில் அம்மா ஏற வேண்டியதில்லை. பாறை சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கிறது; ஏறத்தாழ 1,200 படிகள், அவற்றில் மேற்பகுதி இரும்பு ஏணிப்படி. ஆனால் அடிவாரத்து நீர்த்தோட்டங்கள் சமதரை. அங்கே மரநிழல் உண்டு, அருகில் அருங்காட்சியகமும் உண்டு. ஒருவர் அம்மாவோடு இருக்க மற்றவர்கள் ஏறட்டும். விடியக் கதவு திறந்தவுடன் போனால் பத்து மணிக்கு முன் கீழே இறங்கிவிடலாம். ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதியில்லை. குளவிக்கூடுகள் இருப்பதால் மேலே கூச்சல் போட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செலவிலும் ஒரு விடயம். இலங்கை அடையாள அட்டை உள்ளவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தவர்களுக்கு டொலர்க் கணக்கு. சீகிரியாவில் அது ஒருவருக்கு 30 டொலருக்குக் குறையாது. அக்கா குடும்பத்துக்கு எல்லா இடத்துக்கும் கூட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். காட்சிக்காக மட்டும் ஏற நினைப்பவர்களுக்குப் பக்கத்திலுள்ள பிதுரங்கல பாறை மலிவு. சீகிரியா முழுவதும் அங்கிருந்து தெரியும்.

சுன்னாகம் அக்கா:

தம்பி, அறை பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்காகக் கீழ்த்தள அறை என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். இணையத்தில் சீகிரியா என்று போட்டிருக்கும் விடுதிகளிற் பல, பிரதான வீதியிலுள்ள இனாமலுவச் சந்திக்கும் சீகிரியாவுக்கும் இடையில், உட்பாதைகளில் இருக்கின்றன. எங்களுக்கு அப்படி ஒன்று அகப்பட்டது: படத்தில் பாறை சன்னலுக்கு வெளியே தெரிந்தது, போய்ப் பார்த்தால் காட்டுக்குள் மண்பாதை. வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்க்காமல் முற்பணம் கட்டாதீர்கள். ஹபரணையில் பிரதான வீதியோரம் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் கவனம் வேண்டும். சோற்றுக் கடைகளில் மரக்கறி நாலைந்து இருந்தாலும் சம்பலிலும் மல்லும் என்னும் கீரைச் சுண்டலிலும் மாசிக்கருவாடு தூவியிருப்பார்கள். அதை அவர்கள் மீன் என்று எண்ணுவதே இல்லை. "உம்பலகட தான்ன எபா" (மாசி போட வேண்டாம்) என்று சிங்களத்தில் சமைக்குமுன் சொன்னால் போட மாட்டார்கள். முதல் நாளுக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். அம்மாவுக்குப் பழைய காலுறை ஒரு சோடி எடுத்துவையுங்கள்: தம்புள்ளைக் குகை முற்றத்திலும் ருவன்வெலிசாயவிலும் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும், பகல் வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. முழங்காலும் தோளும் மறைக்கும் வெளிர்நிற உடுப்பு எல்லாருக்கும் வேண்டும்.

தம்புள்ளையில் குகைகளுக்குப் போகப் பாறைமேல் ஏற வேண்டும் என்பதையும் அம்மாவிடம் மறைக்காதீர்கள். அது அவருக்கு முடியாவிட்டால் மிகிந்தலையைச் சேருங்கள். அங்கே 1,840 படிகளில் பெரும்பகுதியைத் தவிர்த்து வானில் மேல்முற்றம்வரை போகலாம்.

கோண்டாவில் வாசி:

இரவு எல்லாரும் இருந்து பேசி முடிவு செய்துவிட்டோம். ஒரே இடம் என்ற பிடிவாதத்தை அக்கா விட்டுவிட்டார்; எல்லாளன் கதையைக் கேட்ட பிறகு அனுராதபுரத்தில் ஓர் இரவு வேண்டும் என்று முதலில் சொன்னதே அவர்தான். வெள்ளியும் சனியும் ஹபரணை. வெள்ளி மதியம் அறையில் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து, மூன்றரைக்குப் பின் தம்புள்ளை, இருட்டுமுன் திரும்புவது. சனி விடிய சீகிரியா. பின்னேரம் விருப்பமுள்ளவர்கள் ஜீப்பில் மின்னேரியா, அம்மாவும் நானும் ஓய்வு. ஞாயிறு ஏழு மணிக்கே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பொலன்னறுவை போய், இரண்டு மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு, மாலை ருவன்வெலிசாய. திங்கள் காலை மீதி இடங்களும் மிகிந்தலையும், மதியம் வவுனியாவில் சித்தப்பா வீடு.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பெட்டிகள் வானில் இருக்கும்போது பொலன்னறுவையில் எப்படிச் சுற்றுவது?

வரலாற்று ஆசிரியர்:

அது சிரமமில்லை. நுழைவுச்சீட்டை அருங்காட்சியகத்தில் எடுத்து, அதை முதலில் பார்த்துவிடுங்கள். இடிபாடுகளின் பழைய தோற்றம் அங்கே மாதிரியுருவங்களாக இருப்பதால் பிறகு பார்ப்பது விளங்கும். அரண்மனைப் பகுதியிலிருந்து, பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல்விகாரையும் திவங்க சிலைமனையும் இருக்கும் வடகோடிவரை சில கிலோமீற்றர் நீளம். தொகுதிக்குத் தொகுதி வானிலேயே போய் இறங்கி ஏறலாம், நடை குறைவு. கல்விகாரையை வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டுமென்றால் நேரே வடகோடிக்குப் போய்விட்டுத் தெற்கே இறங்கி வாருங்கள்.

ஏ9 ஓட்டுநர்:

கடவுச்சீட்டுகளையும் நுழைவுச்சீட்டையும் கைப்பையில் வைத்திருங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சீட்டைக் கேட்பார்கள். வானை மரநிழலில் நிறுத்தினால் கண்ணாடியை ஒரு விரற்கடையும் திறந்து விடாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் புளிச்சாதப் பொட்டலம் எந்தப் பையில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.