ஷாப் வெல்டிங், சைட் வெல்டிங்: இருவரின் அனுபவப் பகிர்வு

ஃபேப்ரிகேஷன் மேற்பார்வையாளர், திருச்சி:

கட்டுமானம் எழும் இடமான சைட்டில் வைக்கும் வெல்ட் என்றாலே தரம் குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. இரும்புத் துண்டுகளைத் தயாரிக்கும் பட்டறையான ஷாப்பில் வெல்டருக்குக் கிடைக்கும் வசதிகளில் எவையெல்லாம் சைட்டில் பறிபோகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஷாப்பில் பிளேட் கர்டரை (தகடுகளைச் சேர்த்துச் செய்யும் உத்தரத்தை) கிரேனால் தூக்கிச் சாய்த்து நிறுத்தி, மேல், கீழ்ப் படுக்கைத் தகடான ஃபிளாஞ்சும் நடுவில் நிற்கும் தகடான வெப்பும் சேரும் இடத்தில், பொடிக்கு அடியில் தானாக வெல்ட் வைக்கும் சப்மெர்ஜ்டு ஆர்க் மெஷினை ஒரே சீராக ஓடவிடுகிறோம். மேலே ஏற்றிய பிறகு அந்தக் கர்டரைப் புரட்ட வழியில்லை. சாரத்தில் நிற்கும் வெல்டர்தான் உடம்பை வளைத்து, கீழ் ஃபிளாஞ்சின் வெல்டை ஓவர்ஹெட்டில், அதாவது தலைக்கு மேலே அண்ணாந்தபடி, வைத்தாக வேண்டும்.

தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு கன்வேயர் கேலரியை (சரக்குப் பட்டை ஓடும் உயர நடைபாதையை) தூக்கி நிறுத்தும் எரெக்‌ஷனின்போது, வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒப்பந்ததாரர், உருகும் உலோகத்தைக் கரியமில வாயுவால் மூடிக் காக்கும் சிஓ2 மெஷினை மேலே ஏற்றினார். காலையில் வைத்த வெல்ட் சுத்தமாக இருந்தது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து அந்த வாயுவைக் கலைத்த பிறகு வைத்தவற்றில் குண்டூசியால் குத்தியதுபோல் ஓட்டைகள் இருந்தன; கிரைண்டரால் தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்தும் ஓட்டைகளே வந்தன. காற்று மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டினால், மறைப்புக் கட்டாமல் இப்படி வாயுவால் மூடிச் செய்யும் வெல்டிங் செய்யக் கூடாது என்று அமெரிக்க விதிநூலான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 சொல்கிறது. (கோடையில் ஷாப்புக்குள் வெல்டர் பக்கம் திருப்பி வைக்கப்படும் பெரிய மின்விசிறியும் இதே வேலையைச் செய்யும்.) பிறகு தார்ப்பாய் கட்டி, தனி வாயு தேவைப்படாத, மேற்பூச்சுள்ள 7018 வெல்டிங் ராடுக்கு மாறினோம். அந்த ராடை 300 முதல் 350 டிகிரியில் சுட்டு, வெல்டர் கையில் எடுக்கும் வரை சூட்டுப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்துச் சாரப் பலகையில் போட்டுவைத்தால், உப்பங்காற்றின் ஈரம் ஏறி, ஹைட்ரஜனாக உலோகத்துக்குள் புகுந்து, வெல்டை ஒட்டிய பகுதியில் ஓரிரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். அன்று பார்த்துச் சரி என்று கையெழுத்திட்ட வெல்டுக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால், ராடு சுடுவதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எரெக்‌ஷன் ஃபோர்மேன், தூத்துக்குடி:

ஐயா சொன்ன காற்றையும் ஈரத்தையும் தார்ப்பாயும் ஓவனும் வைத்துச் சமாளித்துவிடலாம். எங்களை அதிகம் வாட்டுவது, வெல்டுக்கு முன் துண்டுகளை அளவாகப் பொருத்தும் ஃபிட்அப்தான். வரைபடத்தில் 3 மில்லிமீட்டர் என்று காட்டிய ரூட் கேப் (இரு பிளேட்டுக்கும் இடையே விடும் இடைவெளி), மேலே தூக்கிப் பொருத்தும்போது 12 மில்லிமீட்டராக வாய் பிளந்து நிற்கும். அந்த இடைவெளியில் கம்பித் துண்டை நுழைத்து மேலே மூடிவிடும் பழக்கம் பல சைட்டுகளில் இருக்கிறது. வெளியே பார்வைக்கு அழகான வெல்டாகத் தெரிந்தாலும், உள்ளே இரு பிளேட்டும் சேர்ந்திருக்காது. அப்படி ஒன்றைக் கண்டால் முழுவதும் வெட்டியெடுக்கச் சொல்லிவிடுவேன்.

இதற்கான மருந்து ஷாப்பில்தான் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் துண்டுகளைத் தரையில் கோர்த்துப் பார்த்து, அடையாள எண் குத்தி, சைட்டில் வெல்ட் வரும் விளிம்புகளில் இருபுறமும் 50 மில்லிமீட்டர் அளவுக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டு அனுப்பினால், பாதி வேலை குறைந்துவிடும். துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் துத்தநாக அடிப்பூச்சான ஜிங்க் பிரைமரோடு வரும் விளிம்பைத் தேய்க்காமல் வெல்ட் செய்தால் புகை மூச்சை அடைக்கும், வெல்டிலும் ஓட்டை விழும். கிரேனின் திறன் இடம் கொடுத்தால், துண்டுகளைத் தரையிலேயே சேர்த்து, வெல்டின் உட்குறையை ஒலி அலையால் கண்டறியும் அல்ட்ராசோனிக் சோதனையையும் முடித்து, ஒரே பாகமாகத் தூக்கிவிட்டு, மேலே போல்ட் ஜாயிண்டை மட்டும் வைக்கும்படி டிசைன் பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குகிறோம்.