வெளிநாட்டு அரசின் காலநிலைத் திட்டத்துக்குத் தனி ஆலோசகர் ஒப்பந்தம்: கடைசித் தவணை "அரசு ஒப்புதலுக்குப் பின்" என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கரிக்கணக்கு:
வணக்கம். வேறொரு நாட்டு அரசின் காலநிலைச் செயல்திட்டத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாரிஸ் ஒப்பந்தப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் கொடுக்க வேண்டிய என்டிசி இருக்கிறதே, அதுதான். பணம் தருவது ஒரு சர்வதேச அமைப்பு, வேலை வாங்கப் போவது அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம். எரிசக்தி, கழிவு ஆகிய இரண்டு துறைகளின் உமிழ்வுக் கணக்கும், 2035 வரைக்குமான குறைப்பு வழிகளும் என் பங்கு. மொத்தத் தொகை பேசி 4 தவணையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்றும் அறிக்கைகளுக்கு, கடைசி 40 சதவீதம் மட்டும் "அரசு இறுதி ஒப்புதல் அளித்த பின்". அமைச்சரவை எப்போது கூடும், நடுவில் தேர்தல் வந்தால் என்ன ஆகும், எதுவும் என் கையில் இல்லை. நான் உருவாக்கும் எல்லாமே அமைப்புக்குச் சொந்தம் என்று வேறு ஒரு பிரிவு இருக்கிறது. வேலை பிடித்த வேலை, விட மனசில்லை. இந்த மாதிரி ஒப்பந்தம் பார்த்தவர்கள் எதையெல்லாம் மாற்றச் சொல்லிக் கேட்பீர்கள்?

மேற்குக்காற்று:
கடைசித் தவணையை அப்படியே விடாதீர்கள். இந்தச் சுற்று என்டிசிக்கு 2025 பிப்ரவரி 10 கடைசி நாளாக இருந்தது, பெரும்பாலான நாடுகள் அதைத் தவறவிட்டன, எந்த நாட்டுக்கும் அபராதம் கிடையாது. அரசாங்கம் தாமதித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, உங்கள் 40 சதவீதம்தான் அந்தரத்தில் தொங்கும். நீங்கள் பொறுப்பேற்க முடிந்தது இறுதி வரைவை ஒப்படைப்பது, எழுத்தில் வரும் திருத்தங்களைச் செய்து கொடுப்பது, அவ்வளவுதான். அதனால் "இறுதி வரைவு ஒப்படைத்த 15 வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும்" என்று ஒரு வரி கேளுங்கள். திருத்தச் சுற்று இரண்டு என்று எண் போட்டுவிடுங்கள். எண் இல்லை என்றால் மின்துறை ஒரு கருத்து, நிதியமைச்சகம் ஒரு கருத்து, அப்புறம் புது இயக்குநர் வந்து ஒரு கருத்து என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஒப்பந்தத்தை முறிக்கும் பிரிவையும் படியுங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் தனிநபர் ஒப்பந்தப் பொது விதிகளில் 2 மாதத்துக்குக் குறைவான ஒப்பந்தத்துக்கு 5 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் முன்னறிவிப்புப் போதும். மற்ற அமைப்புகளிலும் இதைவிடப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நடுவில் நிறுத்தினால், பாதியில் நிற்கும் அறிக்கைக்கு எந்த விகிதத்தில் பணம் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

சாம்பல்மேடு:
பணத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள், நான் பணி வரையறைக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். கழிவுத்துறை என்கிறீர்கள், அப்படியானால் மீத்தேன். ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. பழைய கணக்கில் ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் இரண்டாம் மதிப்பீட்டு அறிக்கையின் 21 இருக்கலாம், நான்காவதின் 25 இருக்கலாம். 2018இல் போலந்தின் கட்டோவிட்சேயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவான விதிகளின்படி இப்போது போடும் தேசிய உமிழ்வுக் கணக்கில் ஐந்தாம் அறிக்கையின் 28 வரவேண்டும். குப்பைமேட்டிலிருந்து 1,000 டன் மீத்தேன் என்றால் முன்பு 21,000 டன் கரியமில வாயுவுக்குச் சமம், இன்று 28,000. ஒரு லாரி குப்பைகூடக் கூடவில்லை, கணக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். குறைப்பை எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்களோ அந்த அடிப்படை ஆண்டிலிருந்து முழுத் தொடரையும் திரும்பப் போடாவிட்டால் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை. அந்த மறுகணக்கு யார் வேலை? பணி வரையறையில் இல்லாவிட்டால் "இதையும் சேர்த்துச் செய்துவிடுங்களேன்" என்று உங்கள் தலையில்தான் வந்து விழும். எந்த அடிப்படை ஆண்டு, எந்த மதிப்பு, அமைச்சகம் தரவுகளை எந்தத் தேதிக்குள் தரும், தராவிட்டால் உங்கள் கெடு அதே அளவு தள்ளிப்போகுமா, இவ்வளவும் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டியவை.

கரிக்கணக்கு:
மீத்தேன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. சொத்துரிமைப் பிரிவு பற்றி யாராவது சொல்லுங்கள். பல ஆண்டுகளாக நான் வளர்த்துவரும் கணக்குத் தாள்களும் இதில் போய்விடுமா?

ஆற்றுப்படுகை:
அறிக்கை அமைப்புக்குச் சொந்தம் என்பது வழக்கமானதுதான், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் ஒப்பந்தத்துக்கு முன்பே உங்களிடம் இருந்த கணக்குத் தாள்கள், சூத்திரங்கள் உங்களுடையவை, இந்தத் திட்டத்துக்காக அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் தருகிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பட்டியலை இணைப்பாக வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். உமிழ்வைக் கணக்கிடும் உங்கள் மூலக் கோப்பு, லீப் என்ற எரிசக்தித் திட்டமிடல் மென்பொருளில் செய்தாலும் சரி, எக்செல்லில் செய்தாலும் சரி, அமைச்சகத்தின் கைக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அமைச்சகத்துக்குக் கிடைப்பது அழகான பிடிஎஃப் மட்டும்தான். சூத்திரம் உள்ள கோப்பு ஆலோசகரின் மடிக்கணினியோடு போய்விடும். 5 ஆண்டு கழித்து அடுத்த ஆலோசகர் வந்து, அதே மின் நிலையங்களின் எரிபொருள் கணக்கை முதலிலிருந்து தேடுவார். இதனால் அந்த நாடு தன் இலக்குக்குத் தானே பதில் சொல்ல முடியாமல் போகிறது. அடுத்த இலக்கு முந்தையதைவிட முன்னேறியதாக இருக்க வேண்டும் என்கிறது பாரிஸ் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு. முந்தையதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்றே தெரியாதவர்கள் முன்னேற்றத்தை எப்படிக் காட்டுவார்கள்? அமைச்சக ஊழியர்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து கோப்பைத் திறந்து காட்டும் சில நாட்களையும் தொகைக்குள் சேர்த்துக் கேளுங்கள்.

கணக்காயர்:
வரி. தனி ஆலோசகர் என்றால் நீங்கள் அமைப்பின் ஊழியர் இல்லை, ஊழியருக்கான வரிவிலக்கு உங்களுக்கு வராது, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் உங்கள் பொறுப்பு. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் தனியாகத் தொழில் செய்பவர்களின் வருமானம் பற்றிய 14ஆம் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில், அந்த நாட்டில் நிலையான அலுவலகம் வைத்தாலோ 183 நாட்களை எட்டினாலோ அங்கேயும் வரி விழும். தங்கும் நாட்களைக் குறித்து வையுங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் போன்ற ஐ.நா. அமைப்பாக இருந்தால் அதற்கு 1946 உடன்படிக்கையின்படி வழக்குகளிலிருந்து விலக்குரிமை உண்டு, உள்ளூர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, நடுவர் தீர்ப்புதான் வழி. அதுவும் செலவு பிடிக்கும், அதனால் தவணைகளைச் சிறியதாகவும் அடிக்கடி வருவதாகவும் பிரித்துக்கொள்வதுதான் நல்ல பாதுகாப்பு.

மேற்குக்காற்று:
ஒன்று விட்டுப்போனது. ஒப்புதல் என்ற சொல்லை அவர்கள் எடுக்கவே மறுத்தால், அந்தத் தவணையை 40இலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கச் சொல்லுங்கள், அதற்கும் ஒரு கடைசித் தேதி போடுங்கள். அமைச்சரவை பிறகு எண்ணை மாற்றினால் அது அவர்கள் உரிமை. ஆனால் நீங்கள் ஒப்படைத்த எண், முறை, அனுமானங்கள் மூன்றும் தேதியிட்ட தனி இணைப்பாக இருக்கட்டும். வழக்கமாகப் போனால் உமிழ்வு எவ்வளவு ஏறும் என்ற கோட்டை யாராவது மேலே தூக்கிவிட்டு, ஒன்றும் செய்யாமலே குறைத்ததாகக் காட்டினால், அந்தக் கோடு உங்களுடையது இல்லை என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது.