மறு: ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்லெக்சியா – அட்டையில் எழுத ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

தண்டுவடக் காயம்பட்டவருக்குத் திடீரென ரத்த அழுத்தம் ஏறும் நிலைதான் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்லெக்சியா. அதற்குத் தமிழ்ச் சொல்லாகக் கோவை ஐயா முன்வைத்த ‘தானியங்கு நரம்பு அனிச்சைப் பிறழ்வு’ என்பதில் குறை சொல்ல ஏதுமில்லை. தானியங்கு நரம்பு மண்டலமும் அனிச்சைச் செயலும் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கின்றன. மருத்துவ நூலுக்கு அதையே வைத்துக்கொள்வோம். நான் கேட்பது, தண்டுவடக் காயம்பட்டவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டையின் முதல் வரிக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் படிக்கப்போவது அவருடைய மச்சானோ, பக்கத்து ஊர் நர்ஸோ.

சென்ற வாரம் வேலூர் பாகாயத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மறுவாழ்வு மருத்துவ வல்லுநர் ஒருவர் பேசினார். தமிழில் எடுத்துச் சொன்னது நான். டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்ட ஊர் இது. 1954 சாலை விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர் அவர். வந்திருந்த வல்லுநர் தண்டுவடத்தின் மேல் மின்முனை பதித்துத் தூண்டும் ஆய்வுகளை விளக்கினார்; பயிற்சியோடு சிலர் எட்டு வைக்கிறார்களாம். கேள்வி நேரத்தில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூத்திரக் குழாய், படுக்கைப்புண், அப்புறம் ‘திடீர்னு தலை பொளக்குதே, அது ஏன்?’ அந்த மூன்றாவதில்தான் எனக்குச் சொல் சிக்கவில்லை.

நடப்பது இதுதான். மூத்திரப்பை நிரம்பிவிட்டது, குழாய் எங்கோ மடங்கிக் கிடக்கிறது. உணர்வில்லாததால் அவருக்குத் தெரியாது. ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் சும்மா இருக்காது. வயிற்றிலும் காலிலும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். அழுத்தம் விறுவிறுவென ஏறும். ‘தளர்த்து’ என்று மூளை இடும் கட்டளை காயத்தைத் தாண்டி இறங்காது. அதனால் மேலே முகம் சிவந்து வியர்க்கும், கீழே தோல் சில்லிட்டுப் புல்லரித்திருக்கும். மலச்சிக்கல், புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், இறுக்கிக் கட்டிய பெல்ட் எதுவும் இதைக் கிளப்பலாம். பெரும்பாலும் டி6 (தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியில் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கே வரும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு வரை போகும்.

போளூர்ப் பக்கம் புளி உலுக்க மரமேறி விழுந்து கழுத்தில் அடிபட்டவர் ஒருவர். தலைவலி என்று போன இடத்தில் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, “140 தானே, பயப்படாதீங்க, படுங்க” என்றார்களாம். கழுத்தில் அடிபட்டவருக்கு மேல் அளவு வழக்கமாகவே 90, 100தான் இருக்கும். வழக்கத்தைவிட 20 முதல் 40 ஏறினாலே இது என்று சந்தேகிக்க வேண்டும். படுக்க வைப்பதோ இன்னும் ஏற்றிவிடும். நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டால்தான் கொஞ்சம் இறங்கும். தலைவலி என்றதும் படுக்கச் சொல்வது நம் எல்லாருக்கும் கைவந்த பழக்கமாயிற்றே!

ஆகவே சொல்லைக் கேட்டதும் ரத்த அழுத்தம் நினைவுக்கு வரவேண்டும். என் முன்மொழிவு: தண்டுவடக் கொதிப்பு. பலகையில் நீரிழிவு, வாயில் சர்க்கரை என்று நாம் புழங்கவில்லையா? அதுபோல நூலுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று இருக்கட்டும்.

– காட்பாடியிலிருந்து

———

> என் முன்மொழிவு: தண்டுவடக் கொதிப்பு

ஐயா, யாழ்ப்பாணத்தில் இது எடுபடாது. நாங்கள் படித்தது முண்ணாண் (தண்டுவடம்), தெறிவினை (அனிச்சைச் செயல்), குருதியமுக்கம் (ரத்த அழுத்தம்). ஊரில் எல்லாரும் சொல்வது ‘பிறஷர்’. கொதிப்பு என்றால் இங்கே கோபம் என்றுதான் விளங்கும். ‘முண்ணாண் அமுக்க ஏற்றம்’ என்று போடலாமே?

———

> என் முன்மொழிவு: தண்டுவடக் கொதிப்பு

கொதிப்பு என்றால் தினமும் மாத்திரை போடும் வியாதி என்று நினைத்து உப்பைக் குறைப்பார்கள். இது நிமிடக் கணக்கில் வந்து, காரணத்தை நீக்கினால் அடங்குவது. அந்தத் திடீர்த்தன்மை பெயரில் இல்லையே, சார். நான் வார்டில் இருக்கிறவள், அதனால் சொல்கிறேன்.

———

அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன்: தண்டுவடத் திடீர்க் கொதிப்பு. நீளம் கூடுகிறது, பரவாயில்லை. யாழ்ப்பாண நண்பருக்கு: ‘அமுக்க ஏற்றம்’ நல்ல சொல், அங்கே அச்சிடும் அட்டையில் அதுவே இருக்கட்டும். குடியாத்தத்திலும் செங்கத்திலும் ‘அமுக்கம்’ என்றால் யாரோ கையால் அமுக்குவதாக நினைப்பார்கள். ஒரே சொல்லை இரு கரைக்கும் திணிக்க நான் தயாரில்லை.

அட்டை வரைவு:

எனக்குத் தண்டுவடத் திடீர்க் கொதிப்பு வரும். என் வழக்கமான பிபி: ____
படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள்.
பெல்ட், சாக்ஸ், மூத்திரப் பையின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள்.
குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள். குழாய் இல்லையென்றால் உடனே போட்டுச் சிறுநீரை வெளியேற்றுங்கள்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். இறங்காவிட்டால் உடனே 108.

சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். வரைவில் இன்னும் சேர்க்காத மலச்சிக்கல் வரியை மருந்தோடு எழுதுவதா, தனியாக எழுதுவதா என்று வார்டு அம்மா மட்டும் அதற்குள் சொல்லிவிடுங்கள்.